இடது கைகள்

“கிழிஞ்ச கிளவுஸைக் கட்டித் தொங்க விட்டா அது கலையா? எங்க வீட்டுக் கொடியில தினமும் இதைவிட நல்லாத் தொங்குது.”

அந்த அம்மாள் கூடம் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள். ஒரு காலத்தில் டர்பைன்கள் உறுமிய கூடம். மின் நிலையத்தை மூடிவிட்டு நவீனக் கலைக்கூடமாக மாற்றியிருந்தார்கள். கூரை நாலு மாடி உயரம். லேசாக இருமினாலே எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்பி வரும்.

காவலுக்கு இருந்த பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக அந்த நானூறு கையுறைகளுக்குக் கீழேதான் அவளுடைய நாற்காலி. இன்று கடைசி நாள் வேறு. கூடத்தில் ஐந்து படைப்புகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெட்டி. நாலு மணிக்குள் எந்தப் பெட்டியில் பார்வையாளர்களின் சீட்டு அதிகம் விழுகிறதோ, அந்தப் படைப்பு நிரந்தரமாக இங்கேயே இருக்கும். மற்றவற்றை நாளைக்கே மூட்டை கட்டிவிடுவார்கள். பாரபட்சம் வரக்கூடாதென்று யார் எதைச் செய்தார்கள் என்பதைக்கூட வெளியே சொல்லவில்லை.

எதிரே இருந்த கண்ணாடி நீரூற்றின் முன்னால்தான் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கையுறைகளைச் சீண்டுவார் இல்லை. போதாக்குறைக்கு இந்த அம்மாள்.

“மேடம், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.”

“ஏன், கிளவுஸுக்குக் காது கேக்குமா?”

பக்கத்தில் நின்ற இருவர் சிரித்தார்கள். நீரூற்றுப் பக்கமிருந்து நாலு பேர் என்னவென்று பார்க்க வந்தார்கள்.

“நீங்களே பாருங்க. எல்லாமே இடது கை,” என்று அவர்களிடம் முறையிட்டாள் அம்மாள். “ஜோடி சேர்க்கக்கூட சோம்பல் போலிருக்கு.”

படைப்புகளைப் பற்றிக் காவலர்கள் கருத்துச் சொல்லக்கூடாது என்பது விதி. இத்தனை நாளும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவளுக்கு இதற்குமேல் முடியவில்லை.

“சோம்பல் இல்ல மேடம்,” என்றாள். “எங்க வீட்டுக்காரர் இதே இடத்துல ஃபிட்டரா இருந்தாரு. வேலையெல்லாம் வலது கைக்குத்தான். அந்த உறை ரெண்டே வாரத்துல நைஞ்சு குப்பைக்குப் போயிடும். இடது மட்டும் மிஞ்சும். தூக்கிப் போட மனசு வராம ஒரு பெட்டி நிறைய சேர்த்து வெச்சிருந்தாரு. இங்க தொங்கறதும் அப்படி மிஞ்சின கைதான் மேடம். உழைச்ச கை தேஞ்சே போச்சு.”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

அம்மாள் விடுவதாக இல்லை. “அதுக்காக இப்படியா அழுக்கோட? துவைச்சிருக்கலாமே.”

“துவைச்சா அது கடையில தொங்கற கிளவுஸ் ஆயிடும்.”

யாரோ கைதட்டினார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் அம்மாளை முறைத்து, “நீங்க பேசின பேச்சுக்காகவே போடறேன்,” என்று வீம்பாகச் சொல்லித் தன் சீட்டைப் பெட்டியில் போட்டார். அவர் பின்னால் ஒரு வரிசையே நின்றது.

அவர்கள் கலைந்து அடுத்த கூட்டம் வந்ததும் அம்மாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே கொடி, அதே சோம்பல். காவல் பெண்ணும் சளைக்கவில்லை. மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து முறைத்ததைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை. நாலு மணிக்குள் தொண்டை கட்டிவிட்டது. ஆனால் நீரூற்றின் முன்னால் ஆளே இல்லை.

பெட்டிகளை எண்ணிவிட்டு இயக்குநர் மைக்கைப் பிடித்தார். “நம்முடனேயே இருக்கப்போவது... கையுறைகள்.”

கூடம் அதிர்ந்தது. காவல் பெண் வேலையில் இருப்பதையும் மறந்து அழுதாள். இவ்வளவு சந்தோஷத்தை அவள் அனுபவித்து வெகுநாள் ஆகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாளிடம் திரும்பினாள்.

“பாத்தீங்களா மேடம்? என்னென்ன பேசினீங்க.”

“பாத்தேன்.”

“இதைச் செய்தவர் கூட்டத்தில் இருந்தால் மேடைக்கு வரலாம்,” என்றார் இயக்குநர்.

அம்மாள் புடவையைச் சரி செய்துகொண்டு காவல் பெண்ணின் கையைப் பிடித்தாள். “வாம்மா, ரெண்டு பேருமா மேடைக்குப் போயிட்டு வரலாம். நான் செஞ்சதோட சரி, ஜெயிக்க வெச்சது நீதானே.”