படுக்கையறைக்கு வாட்டம்

வீடு பிடித்துவிட்டதென்று கணவர் தில்லைநாதன் தலையாட்டி, பத்திரத்துக்கு நாளும் குறித்த பிறகுதான், செண்பகவல்லி ஒரு சொம்புத் தண்ணீரைப் படுக்கையறை நடுவில் ஊற்றினாள். ஏரியைத் தூர்த்துப் போட்ட மனை என்று எதிர்வீட்டம்மா சொல்லியிருந்தாள். தண்ணீர் கொஞ்சம் தயங்கி நின்றது. பிறகு மூலையைப் பார்த்து ஓடி பீரோவுக்கு அடியில் மறைந்தது.

"கழுவிவிட்டா தண்ணி ஓடணும்லம்மா, அதுக்குத்தான் வாட்டம்" என்றார் தரகர்.

"பாத்ரூமுக்கு வாட்டம் வைப்பாங்க. படுக்கிற ரூமுக்கு எதுக்குங்க?"

தில்லைநாதன் பல்லைக் கடித்தார். "செண்பகம், போதும். பத்திரத்துக்கு நாள் குறிச்சாச்சு."

"நாள்தானே குறிச்சோம்? மாத்திக்கலாம்."

பீரோவை நகர்த்தச் சொன்னாள். ஒருவரும் அசையவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோளைக் கொடுத்து அவளே தள்ளினாள். பின்னால், கான்கிரீட் தரையில் தொடங்கிய வெடிப்பு, சுவரின் புதுப் பூச்சையும் பிளந்துகொண்டு ஜன்னல் வரை ஏறியிருந்தது. விரலை விட்டாள். முழு விரலும் உள்ளே போனது.

"அது மேல்பூச்சு வெடிப்பும்மா, ஒண்ணுமில்ல."

"அப்ப நீங்களும் விரலை விட்டுப் பாருங்க" என்று அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

தரகர் நின்ற இடத்திலேயே நின்றார். தில்லைநாதன்தான் மெல்லக் குனிந்து, ஈரத்தரையில் முழங்காலை ஊன்றினார்.