மூன்று பேர் வீடு

எங்கள் அடுக்ககத்தில் யாரும் கணக்கெடுப்பில் வீட்டில் நாலு பேர் என்று சொல்வதில்லை. வீட்டுக்கு மூன்று பேரைத் தாண்டினால், நெரிசலான இடம் என்று இணைய வரைபடத்தில் கட்டடம் சிவந்துவிடும். வீடு வாங்க அதில் ஒவ்வொரு தெருவாகத் தொட்டுப் பார்க்கிறவர்கள் எங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். நானும் மூன்று என்றுதான் சொன்னேன். அப்பாவை விட்டுவிட்டேன்.

இன்று காலை தீ விபத்து ஒத்திகை. மணி அடித்ததும் மனைவி, மகளோடு கீழே ஓடினேன். முழங்கால் வலியோடு எழுந்த அப்பாவிடம், "ஒத்திகைதானேப்பா, நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டேன்.

வாசலில் பெரிய திரையில் அதே வரைபடம். அதன் கேமரா எங்கள் தலைகளை எண்ணிக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டதும், ஒலிபெருக்கி ஊருக்கே கேட்கச் சொன்னது: "நாலாம் மாடி, பி வீடு. மூன்று பேரும் வந்துவிட்டார்கள். வீடு காலி. இனி யாரும் மேலே தேட வேண்டாம்."

"தாத்தா மேல இருக்காரே!" என்று கத்தினாள் மகள் இளவேனில். சங்கச் செயலாளர் ருக்மாங்கதன் என்னை முறைத்தார். நான் அவள் வாயைப் பொத்தினேன்.

பால்கனியிலிருந்து எங்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்த அப்பா, கையை இறக்கினார். நான் சொன்ன கணக்கே சரியாக இருக்கட்டும் என்பதுபோல, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.