எழுபது கிலோ

கயத்தாறு தாண்டியதும் கார் தானாகவே ஓரம்கட்டி நின்றது. பின்னால் பூட்டியிருந்த டிரெய்லரில் கல்யாணச் சீர் பீரோ வெயிலில் மின்னியது.

"இந்தப் பாரத்தோடு மதுரை வரை சார்ஜ் போதாது. எழுபது கிலோ குறைந்தால் போய்ச் சேரலாம்" என்றது கார். யாரை இறக்குவது என்று அது சொல்லவில்லை. ரூபாவதியின் பக்கத்துக் கதவு மட்டும் மெல்லத் திறந்தது.

"பீரோவ இறக்கி வச்சிரலாமே எட்வினு" என்றாள் அவள்.

"நம்ம பிள்ளைக்குச் செய்யுற சீரு அத்தே. ரோட்டுல போட்டுட்டுப் போக முடியுமா?" தம்பி மகன் திரும்பிப் பார்க்கவில்லை. "கல்யாணம் முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவள் இறங்கினாள். கார் சத்தமே இல்லாமல் போய்விட்டது.

பிறகுதான் அவர்களைப் பார்த்தாள். காற்றாலைகளின் கீழே முப்பது நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் விசேஷத்துக்குக் கிளம்பிய உடுப்பில் இருந்தார்கள். பட்டுச் சேலைகள் வெயிலில் வெளுத்திருந்தன. கார்கள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பெண் மட்டும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "குடிங்கக்கா."

"திரும்பி வருவாங்கல்லா?"

"வருவாங்கன்னுதான் நாங்களும் நிக்கோம்."

"நீ எப்ப வந்தே?"

"போன தைக்கு முந்தின தை."

ரூபாவதி இரண்டு மிடறோடு செம்பைத் தாழ்த்தினாள். அதற்குள் சற்றுத் தொலைவில் இன்னொரு கார் நின்று கிளம்பியது. அதிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர், போகிற காருக்குச் சிரித்தபடி கையசைத்துக்கொண்டிருந்தார்.

"கர்த்தாவே" என்று முணுமுணுத்தவள், மிச்சத் தண்ணீர் சிந்தாமல் அவரை நோக்கி நடந்தாள்.