பழுப்பு எலிகளின் பரம்பரைக் குணம்

“‘மார்ச் பதினொன்று. ஆறாம் கூண்டின் எடையை ஏழாம் கூண்டுக்கு நேராக எழுதிவிட்டேன். உடனே அடித்துத் திருத்தினேன்.’ இதையெல்லாம்கூடவாம்மா எழுதி வைப்பே?”

அவளுடைய குறிப்பேட்டை மூடியபடி கேட்டார் பேராசிரியர்.

“மாலை வகுப்புல அப்படித்தான் சார் சொல்லிக் கொடுத்தாங்க. தப்பு பண்ணினா அன்னைக்கே எழுதிடணும்னு.”

ஆய்வுக்கூடத்து எலிகளைத் தினமும் காலையில் எடை போடுவது அவள் வேலை. எதையும் இருமுறை சரிபார்ப்பதால் அங்கே அவளுக்கு ‘ரெண்டுதரம்’ என்றே பெயர்.

“அதனாலதான் உன்னை மட்டும் கூப்பிட்டேன். கதவைச் சாத்து.”

சாத்தினாள்.

“நம்ம சோதனையில தீனி ரெண்டு மணி நேரம்தான். ஓடுற சக்கரம் நாள் முழுக்க. பசியில ஓட ஓட எலி இளைக்கும். கால் பங்கு எடை போச்சுன்னா வெளியே எடுத்து வயிறு நிறையப் போட்டுடுவோம். வெள்ளை இனம் பத்து நாள் தாங்குது, பழுப்பு நாலே நாள். சரிதானே?”

“ஆமா சார்.”

“பழுப்போட பரம்பரையே அப்படின்னு ஊரெல்லாம் பேசிட்டு வந்துட்டேன். ஆனா இன்னொரு ஆய்வுக்கூடத்துல இதே பழுப்பு பத்து நாள் தாங்குதாம். இன்னைக்குக் கடிதம் வந்திருக்கு.” குரலைத் தாழ்த்தினார். “எடையில சந்தேகமே இல்ல, நீ போட்டது. அப்போ தீனிதான். பழுப்பு கூண்டுல யாரோ கை வைக்கிறாங்க.”

“யாரு சார்?”

“தீனி வைக்கிறவரைத் தவிர யாரு? வீட்டுல முயல் வளர்க்கிறாராமே!”

“அவரு அப்படிப்பட்டவர் இல்ல சார்.”

“நீ யாரைத்தான் அப்படிப்பட்டவர்னு சொல்லியிருக்கே? கூப்பிடு அவரை.”

தீனிக்காரர் உள்ளே வந்தார். சாத்தியிருந்த கதவையும் இருவர் முகத்தையும் பார்த்தார்.

“என்ன ரெண்டுதரம், இன்னைக்கு என்னையும் எடை போடப் போறியா?”



“சட்டைப் பையில இருக்கிறதை எடுத்து வைங்க” என்றார் பேராசிரியர்.

மூக்குக் கண்ணாடி வந்தது. பஸ் டிக்கெட் வந்தது. கடைசியாக மூன்று தீனித் துண்டுகள் வந்து மேஜையில் உருண்டன.

“இது என்ன?”

“குனிஞ்சு அள்ளுறப்போ விழுந்திருக்கும் சார்.”

“பையைத் தேடிப் போய் விழுந்துச்சாக்கும்!”

“முயலுக்குத் திருடணும்னா மூட்டையில இருந்து எடுக்க மாட்டேனா சார்? எலிக்கு வெச்சதையா பொறுக்குவேன்?”

“ஓஹோ, எங்கே திருடணும்னு யோசிச்சுகூட வெச்சிருக்கீங்க!”

 பேராசிரியர் ஒரு தாளை இழுத்து, அவரை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவை எழுதத் தொடங்கினார்.

“இருபது வருஷமா இந்தக் கூண்டுகளோட இருக்கேன் சார். திருடன்னு பேர் வாங்கிட்டு இனி எந்த ஆய்வுக்கூடத்து வாசல்ல போய் நிப்பேன்?”

பேனா நிற்கவில்லை.

“பாப்பா, நீயாவது சொல்லேன். நான் தீனி வைக்கிறதைத் தினமும் பார்க்கிறியே!”

அவள் மேஜைக்கு அருகே வந்தாள். சன்னலுக்கு அப்பால் எலிகளின் சக்கரங்கள் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தன.

“எழுதாதீங்க சார். தீனியில யாரும் கை வைக்கல. பழுப்பு நாலு நாள்ல அவ்வளவு இளைக்கவும் இல்ல. நான்தான் எடையைக் குறைச்சு எழுதினேன். கால் பங்கு போச்சுன்னு எழுதினாத்தானே வெளியே எடுத்து வயிறு நிறையப் போடுவீங்க?”

பேனா நின்றது. தீனிக்காரர் மேஜையிலிருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“பாவம் பார்த்தா எல்லாத்துக்கும்தானே பார்த்திருக்கணும்? வெள்ளைக்கு மட்டும் ஏன் சரியா எழுதினே?” என்றார் பேராசிரியர்.

“வெள்ளை கடிக்கும் சார். பழுப்பு உள்ளங்கையில ஏறிப் படுத்துத் தூங்கிடும்.”

 பேராசிரியர் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறொரு தாளில் எழுதினார்: ‘நாளை காலை எட்டு மணி. எல்லா எலிகளையும் நானே எடை போட வேண்டும். தடித்த கையுறை அவசியம்.’