வானிலை அறிக்கைக்குப் பின்னணி இசை

மாலைச் செய்தியின் முடிவில் வரும் வானிலை அறிக்கைக்குப் பின்னணியில் ஒரு புல்லாங்குழல் ஒலிக்கும். அதை வாசித்தவர் தொலைக்காட்சி நிலையத்து ஒலிப்பதிவாளரின் கணவர். அவர் இறந்து சில வருடங்களாகிவிட்டன. அதே பழைய பதிவைத்தான் அவள் தினமும் ஓடவிடுகிறாள். மறுநாள் மழை என்றால் மட்டும் அதில் அவர் இருமுவார். ஈரக்காற்று அவருக்கு எப்போதுமே ஆகாது.

இன்று வானிலை அலுவலகம் தெளிந்த வானம் என்று எழுதி அனுப்பியிருந்தது. ஒளிபரப்புக்கு முன் அவள் பதிவைப் போட்டுப் பார்த்தாள். தொடக்கத்திலேயே இருமியவர் பிறகு நிறுத்தவேயில்லை.

“மாமா இன்னிக்கு ஒரு வழி பண்ணிடுவார் போல,” என்றாள் செய்தி வாசிப்பவள், முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டே. “வேற இசை போடலாமே அக்கா?”

“இதுதான் போகும்.”

ஒலிப்பதிவாளர் தன் மகளைத் தொலைபேசியில் அழைத்தாள். மறுநாள் காலை தோழிகளோடு படகில் தீவுக்குப் போவதாக இருந்தாள் மகள்.

“நாளைக்குப் படகுல கால் வைக்காத.”

“ஏம்மா? உங்க டிவியிலயே வெயில்னுதானே சொல்லப் போறாங்க?”

“டிவி ஆயிரம் சொல்லும். ஏறினா அப்புறம் என்னை அம்மான்னு கூப்பிடாத. அப்பா இருமுறார்.”



“ரொம்பவா?”

“மூச்சு விடவே முடியல.”

“சரிம்மா. அவளுங்களையும் போக விடமாட்டேன்.”

ஒளிபரப்பு தொடங்கியது. எங்கும் தெளிந்த வானம் என்று சிரித்த முகத்தோடு அறிவித்தாள் செய்தி வாசிப்பவள். ஒலிப்பதிவாளர் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று இசையின் சத்தத்தைக் கூட்டினாள். குழல் வரவில்லை. யாரோ உள்ளே வந்து ஈரக் குடையை உதறி, மூலையில் சாய்த்து வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.