யார் மேல் வாசனை?

இன்றைக்கு அந்த மினுக்கி தோற்றே ஆக வேண்டும். வேறு வழியே இல்லை.

பேருந்தை விட்டு இறங்கி ஒயின் ஆலைக்குள் நுழையும்போது அவள் இதையே ஜெபம் மாதிரி மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

குடும்பத்தோடு ஊர் விட்டு ஊர் வந்து, பகலில் கைக்குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டுச் சேர்ந்த வேலை. பயிற்சிக்குச் சேர்ந்ததோ இரண்டு பேர். ருசி பார்க்கும் அறையில் காலியாக இருந்தது ஒரே நாற்காலி. இன்றைய பரீட்சையில் தேறுகிறவளுக்கு அந்த நாற்காலி. மற்றவள் வீட்டுக்குப் போகலாம்.

அவளுக்கு வீடு என்றால் மறுபடி மாமியார் வீட்டு மாடியறை. "நாங்க அப்பவே சொன்னோமே" என்று ஆரம்பிப்பார்கள். 

மினுக்கி என்பது அவள் வைத்த பெயர். மனசுக்குள் மட்டும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, ஒரு முடி பிசகாத கொண்டை. பிள்ளையா குட்டியா, ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்த பளபள முகம். வந்த வாரமே அவளை 'நீ, வா, போ' என்று பேச ஆரம்பித்துவிட்டாள். கோப்பையை ஒரு சுழற்று சுழற்றி மூக்கை நுழைத்தால் போதும், எந்தப் பீப்பாய் கெட்டது என்று சட்டென்று சொல்லிவிடுவாள். ருசி அறையின் தலைவர், ஆலை முழுக்க அவர் 'மூக்கு சார்', உடனே "சபாஷ்!" என்பார். மினுக்கிக்கு மட்டும்தான் அந்தச் சபாஷ்; அவளைப் பார்த்து ஒருநாளும் சொன்னதில்லை.

ருசி பார்த்த ஒயினைத் தொட்டியில் துப்புவதைக்கூட அழகாகத் துப்பினாள், பாவி.

உடை மாற்றும் அறையில் மினுக்கி அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன, கண்ணெல்லாம் செவந்து கிடக்கு? பையன் தூங்க விடலையா?"

"அதெல்லாம் நல்லாத்தான் தூங்கினான்." வெடுக்கென்று ஒரு பொய்.

"நேத்து போன்ல வீட்டுக்காரர்கிட்ட அழுதுட்டு இருந்தியே. கேக்கணும்னு கேக்கல, காதுல விழுந்துச்சு. இந்த வேலை உனக்கு அவ்வளவு முக்கியமா?"

"ஏன், உங்களுக்கு இல்லையா?"

"ஐயோ, உயிர்! இந்த மூக்கை வெச்சுப் பிழைக்க ஒரு வழி கிடைக்காதான்னு எத்தனை ஊர் சுத்தியிருக்கேன் தெரியுமா?"

ஒட்டுக்கேட்டதுமில்லாமல் பெருமை வேறு! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நிலவறையை ஒட்டிய ருசி அறை சில்லென்று இருந்தது. ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, மினுக்கியின் பக்கத்தில் நின்றாள். வெள்ளைத் துணி விரித்த மேஜையில் கோப்பைகள் வரிசையாகக் காத்திருந்தன.

மூக்கு சார் உள்ளே வந்தார். இரண்டடி வைத்தவர் அப்படியே நின்றார்.

"யார் மேல வாசனை?"

இரண்டு பேரும் தங்கள் கைகளை முகர்ந்து பார்த்தார்கள். வாசனை சோப்பு, சென்ட், தைலம் எதுவும் இந்த அறைக்குள் ஆகாது. ஒயின் வாசனையை அமுக்கிவிடும். முதல் நாளே படித்துப் படித்துச் சொன்ன சட்டம்.

"அவங்கவங்க வாசனை அவங்கவங்களுக்குத் தெரியாது, பழகிப்போயிருக்கும். பொம்பளைப் பிள்ளைங்களை நான் கிட்ட வந்து மோந்து பார்க்கிறது அழகில்லை. நீங்களே சொல்லுங்க. யாரு?"

மினுக்கி மெல்ல அவள் பக்கம் சாய்ந்தாள். மூக்கு லேசாக அசைந்தது. கண்கள் ஒரு நொடி அவள் தோளில் நின்றன.

முந்திக்கொள்ளப் பார்க்கிறாள்! பழியை நம் தலையில் கட்டப் போகிறாள்!

"அவங்கதான் சார்!" குரல் தானாக வந்துவிட்டது. "தலையில என்னமோ தடவிட்டு வந்திருக்காங்க. இங்க வரைக்கும் தூக்குது."

ஒரு வாசனையும் அவளுக்கு வரவில்லை. ஆனால் அவ்வளவு மினுக்குகிறவள் எதையுமே தடவாமலா வந்திருப்பாள்?

மினுக்கி அவளையே பார்த்தாள். கிழித்துத் தோரணம் கட்டப்போகிறாள் என்று அவள் ஓர் அடி பின்வாங்கினாள்.

"ஆமா சார்," என்றாள் மினுக்கி. "நான்தான்."

"நீயா? உன்னைத்தான் எடுக்கணும்னு இருந்தேனே!" மூக்கு சார் தலையில் அடித்துக்கொண்டார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. கெளம்பு."

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "மிச்சம் இருக்கிறது ஒருத்தி. இனி பரீட்சை எதுக்கு? நாளைக்கு வந்து வேலையில சேர்ந்துக்க." ஜன்னலை அகலத் திறந்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மினுக்கி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அடுத்த அறுவடைக்கு மறுபடி ஆள் எடுப்பாங்க. வருவேன். அப்ப விட மாட்டேன், பாத்துக்க!"

தோற்றும் திமிர் குறையவில்லை பார், என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக் கதவைத் திறந்த கணவனின் இடுப்பில் குழந்தை.

"கிடைச்சிடுச்சுங்க! அந்த மினுக்கி வாசனை பூசிட்டு வந்து மாட்டிக்கிட்டா. நான்தான் போட்டுக் கொடுத்தேன்."

"அடி சக்கை!" குழந்தையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். "நான் இங்க நெருப்பு மேல நின்னுட்டு இருந்தேன். விடியக்காலையில இவன் உன் ஸ்வெட்டர் தோள்ல கக்கி வெச்சுட்டான். பரீட்சை நாளாச்சே, உன்னைக் கலவரப்படுத்த வேண்டாம்னு நானே ஈரத்துணியால தொடைச்சேன். வாசனை சோப்பு ஆகாதுன்னு சொன்னியே, அதனால சோப்பு பக்கமே போகல."

அவன் முகமெல்லாம் பெருமை.

"புளிச்ச நாத்தம் போகணுமேன்னு இவன் பவுடரைத்தான் அரை டப்பா கொட்டித் தேய்ச்சு விட்டேன். ஒருத்தருக்கும் தெரியலையே?"