பாடாய்ப் படுத்தும் செடி

“முதல் ஆர்க்கிட்டா? அடுக்குமாடி வீட்டுக்கு இந்த வெள்ளைப் பூ போதும்மா. வாரம் ஒரு தடவை தண்ணி ஊத்தினா அதுபாட்டுக்கு வளரும்” என்றார் செடிக்கடைக்காரர்.

“அது வேண்டாம். ரொம்பத் தொந்தரவு பண்ற செடி எது?” என்று கேட்டாள் கடைக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை.

கடைக்காரர் திகைத்துப்போய், மண்ணே இல்லாமல் வேர் தொங்கிய வாண்டா என்ற ஆர்க்கிட் வகையைக் காட்டினார். “தினமும் தண்ணி தெளிக்கணும். வெயில் கூடினாலும் ஆகாது, குறைஞ்சாலும் ஆகாது. புதுசா வளர்க்கிறவங்க திண்டாடிப் போவாங்க.”

“இதையே குடுங்க.”

பத்தாம் நாள் அவள் மறுபடி வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று கடைக்காரர் நினைத்தார்.

“செடி வாடிடுச்சாம்மா?”

“இலை மஞ்சளாகுதாம்” என்று அவள் சிரித்தாள். அதற்குள் கைப்பேசி ஒலித்தது. “சொல்லுப்பா... வேர் வெளுத்திருக்கா? கடைக்காரர்கிட்ட கேட்டு வைக்கிறேன். சாயங்காலம் நீயே கூப்பிடு.”

பேசி முடித்துக் கடைக்காரரிடம் திரும்பினாள்.

“என் மகன். தனியா வீடு எடுத்துப் போனப்புறம் மாசம் ஒரு தடவை பேசினாலே அதிசயம். இந்தச் செடியைப் பரிசாக் குடுத்ததிலேருந்து தினமும் ரெண்டு தடவை கூப்பிடுறான்.”

கடைக்காரர் சிரித்துவிட்டார்.

“மகளும் அப்படித்தான், கூப்பிடுறதே இல்ல” என்றாள் அவள். “இதைவிடப் பிடிவாதமான செடி இருக்கா?”